எஸ்தர் டீச்சர் மனந்திரும்பவில்லை

குன்னூர் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி எனக்கு வந்தது. கடைக்காரர் ரமேஷ் எங்கள் பள்ளியில் படித்தவர். என்னிடம் இயற்பியலும் எஸ்தர் டீச்சரிடம் உயிரியலும் படித்து, இரண்டிலும் தட்டுத்தடுமாறி, கடைசியில் அப்பாவின் காய்கறிக் கடைக்கே வந்துவிட்டவர். ஆனாலும் எங்கள் இருவர் மேலும் மாறாத பிரியம் வைத்திருப்பவர். தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், உங்களுக்குச் சேதி வந்துச்சுங்களா? எஸ்தர் டீச்சர் காலைல தவறிட்டாங்களாமா" என்றார்.

எதிர்பார்த்திருந்த சாவுதான். அந்த வாரம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். என்றாலும் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரமேஷ் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. "நல்ல சாவுங்க டீச்சர். அந்தக் கொரங்குப் பாடமெல்லாம் நடத்துனது தப்புன்னு கடைசில பாஸ்டர்கிட்ட ஒத்துக்கிட்டு, மன்னிப்புக் கேட்டு, மனந்திரும்பிட்டாங்களாமா. சர்ச்சுல எல்லாரும் பேசிக்கறாங்க" என்றார்.

தக்காளியை அப்படியே கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும் இன்றுவரை அது இறங்கவில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார் என்ற தைரியத்தில் கட்டப்பட்ட பொய் அது. அந்தப் பொய் பிறந்த அறையில் நான் இருந்தேன். அடுத்த மாதமே அது திருச்சபையின் செய்திமடலில் அவருடைய புகைப்படத்தோடு அச்சாகியும் வந்துவிட்டது. அச்சில் வந்த பொய்க்கு அச்சிலேயே பதில் இருக்க வேண்டும். நம் பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்கு அஞ்சலி கேட்டீர்கள். இதுதான் என் அஞ்சலி. இதில் சாந்தம் இருக்காது, மன்னியுங்கள்.

அவரிடம் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எஸ்தர் டீச்சரின் பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, இங்கே மறுபடியும் தேயிலைக்கே போனவர்கள். குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்தவர் அவர். மஞ்சூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குன்னூருக்கு வெளியே, தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த தம்பி சாமுவேலின் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், சர்ச்சை அவர் கோயில் என்றுதான் சொல்வார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கோயமுத்தூரில் பொங்கலுக்கும் நோன்புக்கும் குறைவில்லாத வீட்டில் பிறந்தும் எனக்கு அது ஒட்டவில்லை. இது அவருக்குத் தெரியும். பணிக்காலம் முழுவதும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், இதைப் பற்றிச் சண்டை போட்டபடியே போய் வந்தோம்.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மஞ்சூர் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஜேசிபி வரும்வரை யாரும் நகர முடியாது. பின் சீட்டில் ஒருவர், கலிகாலம் முற்றிவிட்டது, சாமிக்கு நம் மேல் கோபம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். எஸ்தர் டீச்சர் திரும்பி, "ரோட்டுக்காக மலைய செங்குத்தா வெட்டுனது நாமங்க. பழி மட்டும் அவருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். வெட்டிய சரிவில் கருத்த பாறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "தொட்டுப் பாருங்க கோமதி டீச்சர். இருநூறு கோடி வருசத்துக்கு மேல வயசு இதுக்கு. அப்ப மரமில்ல, மீனில்ல, கண்ணுன்னு ஒண்ணே எதுக்கும் இல்ல" என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம், ஏதோ அவருடைய பூர்வீகச் சொத்து மாதிரி.

எனக்குச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது. "அதத்தான் நானும் கேக்கறேன். மனுசனைப் படைக்கறதுதான் உங்க ஆண்டவரோட நோக்கம்னா, எதுக்குங்க கோடிக்கணக்கான வருசம் வெறும் பாக்டீரியாவ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு?" என்றேன். அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "எல்லாம் நமக்காகத்தான்னு நெனச்சாத்தான் அது வீண்காலமாத் தெரியும் டீச்சர். அவருக்குப் பாக்டீரியாவும் பிடிச்சிருக்கலாம் இல்லீங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பதில் எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஆனால் பரிணாமத்தை ஏற்றுக்கொண்டதற்காகக் கடவுளைச் சுருக்கிக்கொள்ளவோ, கடவுளுக்காகப் பாறையின் வயதைக் குறைத்துச் சொல்லவோ அவர் தயாராக இல்லை என்பது எனக்கு அன்று விளங்கியது. "ஆறே நாள்ல முடிச்சாகணும்னு அவருக்கு யாரு கெடு வெச்சாங்க? அவசரமெல்லாம் நமக்குத்தான்" என்றார் பஸ் ஏறும்போது.

அவரிடம் படித்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் நாளன்று, சாக்பீஸை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். வேறு எந்தப் பாடத்துக்கும் அப்படிச் செய்ய மாட்டார். பிள்ளைகள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கடவுளுக்குப் பிடிக்காத பாடத்தை நடத்தப்போகிறோமே என்று டீச்சர் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறாராம். ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் தைரியமாக எழுந்து கேட்டும் விட்டாள். "மன்னிப்பா? நான் எதுக்குமா மன்னிப்புக் கேக்கணும்? அவரு எப்படிச் செஞ்சாருன்னு கொஞ்சமாச்சும் நமக்குப் புரிய விட்டிருக்காரே, அதுக்கு நன்றி சொன்னேன்" என்றாராம். அன்று மதியம் ஆசிரியர் அறையில் வர்க்கி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே இதை எங்களிடம் சொன்னார். சிரிக்கவில்லை. அவர் வாய்விட்டு விளக்கம் சொன்ன பிறகும், அந்தக் கண்மூடலைப் பிள்ளைகள் மன்னிப்பு என்றேதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நம் ஜனங்களுக்குக் கண்ணை மூடினால் ஏதோ தப்புச் செய்தவராகத்தான் தெரியும்போல.

இனிக் கோயில் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் வேலையை அவர் பல காலம் செய்துவந்தார். ஒரு நாள் ஜென்சி என்ற சிறுமி, ஆறு நாளில் எந்த நாளில் கடவுள் டைனோசரைப் படைத்தார் என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் வேதத்தில் இல்லை, உட்கார் என்றிருப்பார்கள். எஸ்தர் டீச்சர் உட்கார்ந்து விளக்கினார். அந்த நாட்கள் நம் வீட்டுக் காலண்டர் நாட்கள் அல்ல, உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மெல்ல வந்தன, அந்த மெல்ல வருவதுதான் அவருடைய கைவேலை என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஜென்சி வீட்டுக்குப் போய், நாமெல்லாம் ரொம்பப் பழைய மீனுக்குச் சொந்தக்காரர்கள் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா கோயில் கமிட்டியில் உறுப்பினர். அடுத்த வாரமே கமிட்டி கூடி, டீச்சருக்கு வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கலாம் என்று அவரை விலக்கியது. அப்போது அவருக்கு என்ன வயது? என் வயதுதான். எனக்கு அந்த வருஷம் ஒரு நரைமுடிகூட இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் இதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானே வந்து அந்தக் கமிட்டியை நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சரி, அந்தக் கோயிலுக்குப் போவதையாவது நிறுத்துங்கள் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். அந்த நேரம் பஸ் ஒரு கைவிடப்பட்ட எஸ்டேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் கவாத்து வெட்டாமல் விட்டதால் அங்கே தேயிலை ஆள் உயரத்துக்கு மேல், கிளை விரித்த மரங்களாக நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு அது தேயிலை என்றே தெரியாது. "பாத்தீங்களா டீச்சர். இது மரம். பறிக்கிற கைக்கு எட்டணும்னு இடுப்பு ஒசரத்துக்கு வெட்டி வெட்டிச் செடின்னு பேர் வெச்சுட்டோம். எங்காளுங்க ஆண்டவரையும் அப்படித்தான் வெட்டி வெச்சிருக்காங்க. அவங்க மேல கோபப்பட்டு என்ன பண்ண? கைக்கு எட்டலைன்னா பயந்துக்குவாங்க" என்றார்.

கோபப்பட்டு என்ன பண்ணவா! எனக்கு அவர் மேலேயே ஆத்திரமாக வந்தது. அடுத்த ஞாயிறும் அதே கோயிலில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். கிறிஸ்மஸுக்குக் குடிலில் வைக்க மண்ணில் ஆடுமாடு செய்து கொடுத்தார். பின்னாளில், தன்னை விலக்கியவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் இலவசமாக நீட் பரீட்சைக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தார். அதே பரிணாமப் பாடம்தான். மார்க்குக்காக என்றால் அந்தப் பெற்றோருக்குக் குரங்கு கசக்கவில்லை. இந்தப் பொறுமைக்கு நான் கோழைத்தனம் என்று பெயர் வைத்திருந்தேன், அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். "இருக்கலாம். ஆனா அது என் ஊடுங்க. என்னைத் திட்டுனாங்கன்னு ஊட்ட விட்டு எங்க போக?" என்றார்.

கோயில்காரர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நியாயமாகாது. மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடு எனக்குப் பழக்கமும் உண்டு. ஊட்டியில் அறிவியல் பரப்பும் நண்பர்கள் சிலர் ஒரு கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். எஸ்தர் டீச்சர் மனிதனின் தோற்றம் பற்றி அருமையாகப் பேசினார். கேள்வி நேரத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்து, "நீங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதா கேள்விப்பட்டேன். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சா எப்படிம்மா?" என்றார். கூட்டம் சிரித்தது. டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு காலும் ஒரே பாறை மேலதாங்க இருக்கு. உங்களுக்குத்தான் ரெண்டாத் தெரியுது" என்று பதில் சொன்னார். கைதட்டல் வரவில்லை. அதன் பிறகு அவரை அவர்கள் கூப்பிடவுமில்லை.

அந்தப் பேராசிரியர், டீச்சர் இறந்த அன்று மத்தியானமே வாட்ஸப்பில் ஓர் இரங்கல் எழுதிப் போட்டார். "குடும்பத்தின், சமூகத்தின் கட்டாயத்தால் மத வேடம் பூண நேர்ந்தாலும், உள்ளத்தால் முழுப் பகுத்தறிவாளராகவே வாழ்ந்து மறைந்தார்" என்று இருந்தது அதில். படித்துவிட்டுப் போனைச் சோபாவில் எறிந்தேன். கோயிலில் அவர் விஞ்ஞானத்தை விட்டுவிட்டதாகப் பேச்சு, இங்கே அவருக்குக் கடவுளே இருந்ததில்லை என்று பேச்சு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இரண்டு பக்கமும் வந்து ஆளுக்குப் பாதியாகப் பிடுங்கிக்கொண்டு போனால், அந்தப் பெண்மணி எங்கே? ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்க இரண்டையும் சேர்த்துத் தூக்கிச் சுமந்தாள் என்று ஒப்புக்கொள்ள இந்த ஊரில் ஓர் ஆளுக்கும் மனம் வரவில்லையா?

இப்போது அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன். கணையத்தில் புற்றுநோய். கோயமுத்தூரில் பார்த்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போன அன்று மழை. ஜன்னலோரக் கட்டிலில், கம்பளிக்குள் ஒரு பிடியாகக் கிடந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகர் நனைந்துகொண்டே வந்தார். நல்ல மனிதர்தான், இளைஞர், அந்த மழையில் மலைச்சரிவில் நடந்து வந்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் எழுந்துகொள்ளப் போனேன். டீச்சர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வேதத்தில் எதை வாசிக்கட்டும் என்று போதகர் கேட்டார். முதல் அதிகாரம் என்றார் டீச்சர். படைப்பின் அதிகாரம். போதகர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். டீச்சரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. போதகர் வாசித்து முடித்தார். குனிந்து, "அம்மா, வானத்தையும் பூமியையும் அதிலுள்ள யாவையும் கர்த்தர்தான் படைச்சாருன்னு விசுவாசிக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா. எல்லாத்தையும். ஒண்ணுவிடாம" என்றார் டீச்சர். போதகர் ஸ்தோத்திரம் சொல்லி, ஜெபித்து, கண்களைத் துடைத்துக்கொண்டு போனார்.

நடந்தது இவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, மறுப்பு இல்லை, பாடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்விக்கு அவர் சொல்லிவந்த பதில் அதுதான். இருபது வயதில் கேட்டிருந்தாலும், பரிணாமப் பாடம் நடத்தி முடித்த கையோடு கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கோயிலில் அவரிடம் அந்தக் கேள்வியை ஒருவர் நேராகக் கேட்டிருந்தால் இந்தப் பழியே வந்திருக்காது. படைத்தவர் உண்டு என்றால் பரிணாமம் இல்லை என்றுதான் அர்த்தம் என்று போதகர் தானாக முடிவு செய்துகொண்டார். பேராசிரியரும் அதையேதான் எதிர்த் திசையிலிருந்து முடிவு செய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அண்ணன் தம்பியாகத்தான் தெரிகிறார்கள்.

அடக்க ஆராதனைக்குப் போனபோது கோயில் வாசலிலேயே சாமுவேல் என்னை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "டீச்சர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேனுங்க. பாஸ்டரய்யா அப்படிச் சொன்னதாலதான் கமிட்டில ஒருத்தரும் வாயத் தொறக்கல. கல்லறைல அப்பா அம்மா பக்கத்துலயே எடமும் குடுத்துட்டாங்க. அடக்கம் நல்லபடியா முடியட்டும். பள்ளிக்கூடத்துச் சார்பா உங்களைப் பேசக் கூப்புடுவாங்க, அக்கா நல்லவங்கன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிடுங்க" என்றார். பாவம், தூங்காத கண். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

உள்ளே பெட்டி திறந்திருந்தது. போதகர் தம் பிரசங்கத்தில், நம் சகோதரி உலக ஞானத்தில் நெடுங்காலம் தடுமாறி, முடிவில் சத்தியத்துக்குத் திரும்பினார் என்றார். ஆமென் என்றது சபை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பேசாமல் இறங்கிவிடத்தான் முயன்றேன். சாமுவேலின் முகம் எதிரிலேயே இருந்தது. ஆனால் பெட்டிக்குள் எஸ்தர் டீச்சர் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நானும் மூடிக்கொண்டால் இனி எந்தக் காலத்திலும் அவருக்காகப் பேச ஆள் கிடையாது என்று தோன்றியது.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது" என்று தொடங்கினேன். சபையில் சலசலப்பு. "அதனால, இவங்க கடவுளை நம்பினாங்கன்னு நான் சொன்னா எனக்கு அதுல ஒரு லாபமும் இல்லீங்க. இவங்க சாகிற வரைக்கும் நம்பினாங்க. பாடம் நடத்துன ஒவ்வொரு நாளும் நம்பினாங்க. எல்லாத்தையும் ஒண்ணுவிடாம அவரே செஞ்சாருன்னு பாஸ்டர் ஐயாகிட்ட சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்த எல்லாத்துலயும் கொரங்கும் உண்டு, மீனும் உண்டு, கோடானுகோடி வருசமும் உண்டு. எதையும் இவங்க வாபஸ் வாங்கல. பெட்டிய மூடறதுக்கு முன்னால இதை யாராவது சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நின்றேன். போதகர், மரியாதை குறையாமலேதான், "நீங்க விசுவாசி இல்லையேம்மா, இதை எப்படி நாங்க சாட்சியா எடுத்துக்க?" என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்ல நேரவில்லை. நடுவரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். கோயமுத்தூரில் நர்ஸாக இருக்கும் ஜென்சி. "அப்ப என் சாட்சிய எடுத்துக்குங்க ஐயா. டைனோசர் கேள்வியக் கேட்டது நான்தானுங்க. அன்னிக்கு டீச்சர் ஆண்டவர் இல்லைன்னு சொல்லல. எத்தனை கோடி வருசம் ஆனாலும் எல்லாம் அவரோட நாள்தான்னு சொன்னாங்க. விட்டுட்டுப் போகாதவங்க எப்படிங்க திரும்பி வருவாங்க?" என்றாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை, யாரும் எதிர்த்தும் பேசவில்லை. யாரோ பாட்டை எடுத்தார்கள், பெட்டியை மூடினார்கள். அப்பா அம்மா பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் சாமுவேல் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. செய்திமடலும் அந்தப் பழைய கதையைத்தான் அச்சிட்டது.

கோயிலில் நான் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அந்த மழை நாளில் போதகர் போன பிறகு, என்னால் அடக்க முடியவில்லை. சாகக் கிடப்பவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "செல்லுல தப்பு விழுந்து விழுந்துதான் பரிணாமம்னு நீங்கதான பாடம் நடத்துனீங்க. உங்க வயித்துல இருக்கறதும் அதே தப்புதான். இதையும் உங்க ஆண்டவர்தான் செஞ்சாருங்களா?" என்றேன். அவர் கண்ணை மூடாமல் என்னையே பார்த்தார். "ஒண்ணுவிடாமன்னு சொன்னனே, கேக்கலீங்களா? இதுவும் சேத்திதான். எனக்கும் அவர் மேல கோபம் இருக்கு டீச்சர். நெறைய இருக்கு. பாக்டீரியாவுக்குக் கோடி வருசம் குடுத்தவருக்கு, எனக்கு இன்னும் கொஞ்சம் குடுக்க மனசு வரல. நேர்ல போய்க் கேக்கத்தான் போறேன்" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு என் கையைத் தட்டி, "உங்களை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. உங்களுக்கும் இவ்வளவு கோபம் வருது, கோபப்பட ஆளே இல்ல பாருங்க" என்றார். இத்தனை வருஷச் சண்டையில் அவர் என்னை ஜெயித்த ஒரே இடம் அதுதான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சரிவில் இறங்கிப் போன பிறகு நான் மட்டும் அந்தப் புது மண்ணின் பக்கத்தில் நின்றேன். மேகம் இறங்கித் தேயிலையை மூடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி வாய்விட்டே கேட்டேன். "ஏனுங்க, பாறைக்கு அத்தனை கோடி குடுத்தீங்க, இவங்களுக்கு இன்னும் பத்து வருசம் குடுத்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருப்பீங்க?"

பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு நம்பிக்கையும் வரவில்லை. போதகர் ஐயா இதையும் மனந்திரும்புதல் என்று செய்திமடலில் போட்டுவிட வேண்டாம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சரிவில் ஏறிப் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருகிறேன். எஸ்தர் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தச் சண்டை ஒன்றுதான். பதில் வரும்வரை நான் விடுவதாக இல்லை.